ஸ்கூல், பள்ளி: சொல் வரலாறு

ஸ்கூல்: கல்வி நிலையத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தமிழ் பேசுவோரும் உருது பேசுவோரும் ஒன்றுபோல் வழங்குவது. உருதுக்காரர் வாயில் முன்னால் ஓர் இகரம் சேர்ந்து அது 'இஸ்கூல்' ஆகும். தமிழ்ப் பேச்சிலும் அப்படிச் சொல்வோர் உண்டு. இதன் மூலம் 'ஸ்கொலே' என்ற பழங்கிரேக்கச் சொல். அதற்குப் படிப்பு என்று பொருள் இல்லை. ஓய்வு என்றுதான் பொருள்.

'பிடித்து நிறுத்து' என்ற பொருளுடைய வேரிலிருந்து ஸ்கொலே வந்தது என்பர். கைவேலையை நிறுத்திவைத்த பொழுதே ஸ்கொலே. வடமொழியின் 'சஹ்' என்ற அடியும் அதே வேரில் கிளைத்தது என்பது மொழியியலார் கணிப்பு. அப்படியானால் நாம் சொல்லும் 'சகிப்பு' ஸ்கூலுக்குத் தூரத்து உறவு. பிள்ளைகள் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள். ஓய்வைக் குறித்த சொல்லின் முன் ஒரு மறுப்பைச் சேர்த்து, 'அஸ்கொலியா', அதாவது ஓய்வின்மை, என்று அலுவலுக்குக் கிரேக்கர் பெயர் வைத்தனர். ஓய்வுக்காகத்தான் உழைக்கிறோம் என்று அரிஸ்டாட்டிலும் எழுதினார்.

ஏதென்ஸில் சிறுவர் எழுத்துக் கற்ற இடத்தை யாரும் ஸ்கொலே என்று சொல்லவில்லை. அதற்கு 'டிடாஸ்கலேயோன்' என்று பெயர். வளர்ந்த ஆண்கள் ஓய்வாகக் கூடிப் பேசிய பேச்சும், பின்னர் ஆசிரியர் நிகழ்த்திய உரையும், அதன்பின் உரை நடந்த இடமும் ஸ்கொலே ஆயின. லத்தீனில் 'ஸ்கொலா' என்றாகி ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. மீன் கூட்டத்தைக் குறிக்கும் ஆங்கில 'ஸ்கூல்' டச்சு மொழியிலிருந்து வந்தது. எழுத்து ஒன்று, வம்சம் வேறு.

அந்த ஓய்வு எல்லாருக்கும் வாய்த்ததல்ல. அடிமைகளும் கைத்தொழிலாளரும் உழைத்த உழைப்பின் மேல் உட்கார்ந்து கிடைத்தது. தோல் தொழிலில் அங்கே பணம் இருந்தது, மதிப்பு இல்லை. தோல் பதனிடும் பட்டறை நடத்தியவர் மகனான கிளியோன், ஏதென்ஸின் அரசியல் தலைவரானார். அவரைத் தோல்காரர் என்று கேலி செய்தே அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 424இல் ஒரு நாடகம் போட்டார். கி.மு. 399இல் சாக்ரடீஸ் மீது வழக்குத் தொடுத்த மூவரில் ஒருவரான அனைட்டஸும் தோல் தொழில் குடும்பத்தவர். மகனைத் தோலோடு தோலாக வளர்க்கக் கூடாது என்று தாம் சொன்னதே அவர் கோபத்துக்குக் காரணம் என்று சாக்ரடீஸ் கருதியதாக ஸெனஃபோன் எழுதியிருக்கிறார்.

அதே சாக்ரடீஸ் சைமன் என்ற செருப்புத் தைப்பவரின் பட்டறையில் போய் உட்கார்ந்து பேசுவாராம். சைமன் அந்தப் பேச்சைக் குறித்துவைத்தார் என்றும், அவர் எழுதிய 33 உரையாடல்களுக்குத் 'தோல் உரையாடல்கள்' என்றே பெயர் வழங்கியது என்றும் டயோஜெனிஸ் லயர்ஷியஸ் சொல்கிறார். அவை இன்று இல்லை. ஆனால் ஏதென்ஸின் பழைய சந்தைத் திடல் ஓரத்தில் நடந்த அகழாய்வில் செருப்பு ஆணிகளும், சைமன் பெயர் பொறித்த கிண்ணத்தின் அடிப்பகுதியும் கிடைத்தன. ஸ்கூலுக்குப் பிறப்பிடமாக எல்லாரும் பிளேட்டோவின் அகாடமியையே காட்டுவர். தோல் தொழில் ஊரான ஆம்பூர்க்காரர் இந்தப் பட்டறையைச் சொல்லிக்கொள்ளலாம், உரிமை இருக்கிறது.

தமிழின் 'பள்ளி' நடந்த வழியும் இதுதான். மதுரை அருகே மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டில் அது 'பளிஇய்' என்று சமணத் துறவியரின் உறைவிடத்தைக் குறிக்கிறது. அங்கே பாறையில் வெட்டிய படுக்கைகளை இன்றும் காணலாம். படுக்கை இருந்த இடம் துறவியர் மடமாகி, மடத்தில் பாடம் நடந்து, பாடம் நடந்த இடம் பள்ளிக்கூடமானது. பழைய வட ஆர்க்காட்டில் இதற்குச் சான்று நிறைய. வந்தவாசி அருகே வேடலில் 9ஆம் நூற்றாண்டில் கனகவீரக் குரத்தியார் என்ற பெண் ஆசிரியரிடம் 500 மாணாக்கியர் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஆர்க்காடு அருகே விளாப்பாக்கத்தில் முதலாம் பராந்தகன் காலத்தில் பட்டினிக் குரத்தி அடிகள் கிணறு வெட்டினார். பெண்களுக்கென ஒரு பள்ளியும் அங்கே அமைந்தது. படுக்கைப் பொருள் முற்றும் போய்விடவில்லை. வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில் உள்ள பள்ளிகொண்டாவில் உத்தர ரங்கநாதர் சயனக் கோலத்தில் இருப்பதால் ஊருக்கே அந்தப் பெயர். தொழுகை நடக்கும் இடமும் தமிழில் பள்ளிவாசல்தான்.

அரபு வழி வந்த 'மதரஸா' படிப்பைக் குறிக்கும் வேரிலும், 'மக்தப்' எழுத்தைக் குறிக்கும் வேரிலும் பிறந்தவை. செய்யும் வேலையையே பெயராகக் கொண்ட இவை ஸ்கூலையும் பள்ளியையும்விட நேர்மையான சொற்கள்.

பாலாற்றுக் கரையின் இன்றைய கல்வி நிலையங்களுக்குப் பின்னால் இரண்டு கைகள் உண்டு: மிஷன், தோல் மண்டி. வேலூர் ஊரிஸ் கல்லூரி 1898இல் ஆர்க்காடு மிஷன் தொடங்கியது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி (1919), தோல் வணிகர் நவாப் சி. அப்துல் ஹக்கீம் பெயரில் மேல்விஷாரத்தில் எழுந்த கல்லூரி (1965), ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி (1969) ஆகியவை தோல் வணிகத்தில் செழித்த முஸ்லிம் சமூகத்தின் கல்விச் சங்கங்கள் நடத்துபவை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய தோல் ஈட்டிய காசு வகுப்பறையாகியது. ஏதென்ஸில் மகனைத் தோலிலிருந்து பிரிக்கச் சொன்னார்கள். இங்கே தோலே மகனைப் படிக்க அனுப்பியது. டேனரிக் குழியில் இறங்கியவர் வீட்டுக்கும் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பெண்ணின் வீட்டுக்கும் படிப்புக்கான அந்த ஓய்வில் எவ்வளவு பங்கு வந்தது என்பது வேறு கணக்கு. முதலாளி வீட்டுக்கு வந்த அளவு வரவில்லை என்பது உறுதி.

கிரேக்க மொழியில் பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. 'ஸ்கொலி' என்று கடைசி அசையை அழுத்தினால் கல்லூரி. முதல் அசையை அழுத்தினால் விடுமுறை. ஷிப்ட் முடிந்து கம்பெனி வாசலைத் தாண்டும் தொழிலாளி அங்கே சொல்லும் வார்த்தை 'ஸ்கொலசா': வேலை விட்டாச்சு.