வட ஜெர்மனியின் கூடவீடு

வட ஜெர்மனியின் சமவெளிக் கிராமங்களில், இடைக்காலத்தின் பிற்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை குடியானவர்கள் கட்டி வாழ்ந்த பெரிய வீட்டு வகை. ஆட்கள், மாடுகள், குதிரைகள், விளைச்சல் எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

மரச்சட்டங்களின் இடைவெளியைக் களிமண்ணாலோ செங்கல்லாலோ அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். கூரைக்கு நாணல் அல்லது வைக்கோல். கதிர்ப்பாரம் ஏற்றிய வண்டி அப்படியே உள்ளே நுழையும் அளவுக்கு வாசற்கதவு பெரியது. நடுவில் மண்தரைக் கூடம் ('டீலே'), இருபுறமும் தொழுவம், தலைக்கு மேல் பரணில் கதிர்க்கட்டுகள். குளிர்காலத்தில் இந்தக் கூடத்தில்தான் கதிரடித்தார்கள். கல்யாண விருந்தும் இங்கேதான், பிணத்தைக் கிடத்துவதும் இங்கேதான்.

கூடத்தின் கோடியில், தரையோடு தரையாக அடுப்பு. அதன்மேல் இரும்புக் கொக்கியில் பானை தொங்கும். புகைபோக்கி கிடையாது. புகை வீடு முழுக்கச் சுற்றி, பரணிலுள்ள தானியத்தை உலர்த்தும், உத்தரத்தில் தொங்கும் பன்றித்தொடையைப் பதப்படுத்தும், பூச்சியை விரட்டும். கண்ணெரிச்சல் மட்டும் வீட்டாருக்கு. அடுப்படியில் உட்கார்ந்தபடியே வீட்டுக்காரி பிள்ளைகளையும் வேலையாட்களையும் கால்நடைகளையும் ஒருசேரக் கவனிக்கலாம் என்று ஓஸ்னாபுரூக் நகர அறிஞர் யூஸ்டுஸ் மோசர் (1720–1794) இவ்வீட்டைப் புகழ்ந்தார். அந்தப் புகையில் சமைத்தவர் அவரல்லர்.

எல்லோருக்கும் இப்படிப்பட்ட வீடு வாய்க்கவில்லை. நிலமற்ற குத்தகைக் குடிகள் ('ஹோயர்லொய்ட்டே') பண்ணைக்காரரின் சிறு குடிசைகளில் தங்கி, அழைத்தபோதெல்லாம் அவர் வயலில் உழைத்தார்கள்; கோடையில் புல்லறுக்கவும், எரிக்கப் பயன்படும் சதுப்புமண் வெட்டவும் கூட்டமாக ஹாலந்துக்குப் போனார்கள்.

1934இல் நிறுவப்பட்ட குளோப்பன்பூர்க் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இத்தகைய கூடவீடுகளை இன்றும் உள்ளே சென்று பார்க்கலாம்.