அலிப்பூர்: தெற்கு 24 பர்கானாவின் குழந்தைநலத் திட்டங்களும் நிதியும்

அலிப்பூர், கொல்கத்தா மாநகராட்சிக்குள் அமைந்த பகுதி; தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் தலைமையகம். தேசிய நூலகமும் 1876இல் திறக்கப்பட்ட உயிரியல் பூங்காவும் இங்குள்ளன. இங்கிருந்து நிர்வகிக்கப்படும் மாவட்டம் மாநகரின் விளிம்பில் தொடங்கி சுந்தரவனத் தீவுகளில் முடிகிறது. பழைய 24 பர்கானாவைப் பிரித்து 1986 மார்ச் 1 அன்று உருவான இம்மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 81.6 லட்சம் மக்கள் இருந்தனர். குழந்தைகளின் வறுமையைக் குறைக்கும் பணிகளுக்கு ஒன்றிய அரசு, மாநில அரசு, தொண்டு நிறுவனங்கள் ஆகிய மூன்று தரப்பிலிருந்தும் பணம் வருகிறது. கருவிலிருந்து 18 வயது வரை இந்த உதவி இடையில் அறுந்துபோகாமல் கிடைப்பதே இத்திட்டங்களின் வெற்றிக்கு அடிப்படை.

வறுமையின் சூழல்

‘பஸ்தி’ எனப்படும் நகரக் குடிசைப்பகுதிகளில், தாய் வீட்டு வேலைக்குப் போனபின் சிறு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளிருப்பதில்லை. சுந்தரவனத்தில் நெல், மீன், நண்டு, தேன் ஆகியவையே பிழைப்பு. 2009 மே மாதத்து ஐலா புயலும் 2020 மே மாதத்து அம்பன் புயலும் வயல்களில் உப்புநீரைப் புகவிட்டன. பெற்றோர் பிழைப்புத் தேடி வெளியூர் போகும்போது, முதலில் தடைபடுவது பிள்ளைகளின் படிப்புதான்.

அங்கன்வாடி

முன்பருவக் கல்வியின் அடித்தளம் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம். 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் இது தொடங்கப்பட்டது. இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை, 3 முதல் 6 வயதினருக்கு முன்பருவக் கல்வி, தாய்மாருக்கு ஊட்டச்சத்து அறிவுரை என ஆறு சேவைகள் அங்கன்வாடி மையம் என்ற ஒரே இடத்தில் கிடைக்கின்றன. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001இல் பிறப்பித்த ஆணையும் 2006இல் வழங்கிய தீர்ப்பும் இத்திட்டத்தை ஒவ்வொரு குடியிருப்புக்கும் விரிவாக்கும்படி அரசுகளைப் பணித்தன.

நிதிப் பகிர்வு

மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களில் இணை உணவுச் செலவை ஒன்றியமும் மாநிலமும் பாதிப் பாதியாக ஏற்கின்றன. பொதுவான செலவுகள் 60:40 என்று பகிரப்படுகின்றன. 2017இல் ஒரு குழந்தைக்கான நாளுணவுச் செலவு 6 ரூபாயிலிருந்து 8 ரூபாயாகவும், கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைக்கு 12 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. முட்டையும் பருப்பும் விலையேறும்போது இந்தத் தொகை மாறாமலிருந்தால், இழப்பு குழந்தையின் தட்டில்தான் தெரியும்.

அங்கன்வாடிப் பணியாளருக்கு வழங்கப்படுவது ஊதியமன்று, மதிப்பூதியம். 2018 அக்டோபர் முதல் ஒன்றிய அரசின் கணக்கில் அது மாதம் 4,500 ரூபாய். உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநிலங்கள் இதன்மேல் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. இவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டென்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தொண்டு நிறுவனங்கள்

குழந்தைநல மருத்துவர் சமீர் சவுத்ரி 1974இல் தொடங்கிய ‘சினி’ என்ற அமைப்பு, இம்மாவட்டத்தின் பைலான் பகுதியில் தலைமையிடம் கொண்டது. எடை குறைந்த குழந்தைகளுக்குத் தானியமும் பருப்பும் வறுத்துப் பொடித்த மலிவான சத்துமாவை இது பரப்பியது. தாய்மார் அதை வீட்டிலேயே செய்யலாம். இதன் நகரப் பிரிவான ‘சினி ஆஷா’ 1989 முதல், வேலை செய்யும் பிள்ளைகளையும் தெருவில் வாழும் பிள்ளைகளையும் ஆயத்த வகுப்புகளின் வழியாக அரசுப் பள்ளிகளில் சேர்த்துவருகிறது.

வளரிளம் பருவம்

ஆறு வயதில் அங்கன்வாடியின் பொறுப்பு முடிகிறது. பதின்பருவத்தில் வறுமை பெண் பிள்ளைகளைக் குழந்தைத் திருமணத்தை நோக்கித் தள்ளுகிறது. இதைத் தடுக்க மேற்கு வங்க அரசு 2013இல் கன்யாஶ்ரீ திட்டத்தைத் தொடங்கியது. 13 முதல் 18 வயது வரை படிக்கும் மணமாகாத பெண்களுக்கு ஆண்டு உதவித்தொகையும், 18 வயதில் படிப்பைத் தொடர்வோருக்கு ஒருமுறை 25,000 ரூபாயும் அவர்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகின்றன. 2017இல் இதற்கு ஐ.நா.வின் பொதுச்சேவை விருது கிடைத்தது.

கூடுதல் நிதியின் பயன்

அங்கன்வாடிகளுக்குக் கூடுதலாகச் செலவிடுவது என்ன பயன் தரும் என்பதற்குத் தெளிவான சான்று தமிழ்நாட்டிலிருந்து கிடைத்தது. கனிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 640 மையங்களை ஆராய்ந்தனர். அவற்றுள் சிலவற்றில் முன்பருவக் கல்விக்கென்றே அரைநேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். அங்கு கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. மொழியிலும் கணக்கிலும் குழந்தைகள் முன்னேறினர். வயதுக்கேற்ற வளர்ச்சியின்மையும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. சமையல், எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது என்று பொழுதெல்லாம் ஓடிக்கொண்டிருந்த பழைய பணியாளருக்கும் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் கவனிக்க நேரம் கிடைத்தது. சுந்தரவனத் தீவிலுள்ள ஓர் அங்கன்வாடிக்கும் இன்று தேவைப்படுவது இத்தகைய இன்னொரு கைதான்.