தெருவுக்கும் ஒரு பழைய எக்ஸ்ரே வேணும்

செல்போனை மெதுவா திருப்பி பனோரமா எடுக்கிறோம் இல்லையா? அதே வேலையை 1858லேயே தஞ்சைப் பெரிய கோயிலில் ஒருத்தர் செஞ்சுட்டார்னா நம்புவீங்களா?

லின்னேயஸ் டிரைப். மதராஸ் ராணுவத்தில் கேப்டன், மாகாண அரசின் போட்டோகிராபர். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் தமிழ்க் கல்வெட்டுகளை, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளச் சுருளாக்கினார். கிட்டத்தட்ட கேமரா வந்த பிரதட்சிணம்! அடுத்த வருஷமே புது கவர்னர் டிரெவிலியன், இது ஆடம்பரச் செலவு என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். படங்கள் தப்பித்தன. ஆனால் அவற்றின் முக்கியத் தொகுப்புகள் இன்று இருப்பது லண்டனில்.

எடுத்தது யார், வச்சிருக்கிறது யார், நாளைக்கு யார் பார்க்கலாம்? நான் சொல்ல வருவது இதைப் பற்றித்தான்.

1978ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆட்கள் ஆஸ்பென் என்ற சின்ன ஊரை, கார் கூரையில் கேமரா வைத்து 10 அடிக்கு ஒரு படம் எடுத்தார்கள். அதன் பேரப்பிள்ளைதான் 2007ல் வந்த கூகுள் ஸ்ட்ரீட் வியூ. நம்ம நாட்டுக்கு அது 2011ல் பெங்களூருவில் கால் வச்சது. போலீஸ் ஆட்சேபணையில் சில வாரங்களிலேயே நின்றது. 2013ல் ஜெனிசிஸ் என்ற இந்திய நிறுவனம் 'வோனோபோ' என்று ஒன்றை ஆரம்பித்தது. அந்தப் பேரை இன்னைக்கு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? 2016ல் மத்திய அரசு கூகுளுக்கு மறுபடி மறுத்தது. 2021 பிப்ரவரியில் விதிகள் மாறின. தெருவை இப்படிப் படமெடுப்பது இந்தியர்களுக்கும் இந்திய நிறுவனங்களுக்கும் மட்டும் என்றானது. 2022 ஜூலையில் ஜெனிசிஸ், டெக் மஹிந்திரா தோளில் ஏறி, சென்னை உட்பட 10 நகரங்களில் ஸ்ட்ரீட் வியூ திரும்பி வந்தது.

வந்தது நல்லதுதான். நானே தினமும் பார்க்கிறேன். ஆனால் அது கடைக்காரர் கண்ணாடி அலமாரிக்குள் வச்ச பண்டம். பார்க்கலாம், எடுத்து நம்ம வேலைக்குப் பயன்படுத்த முடியாது.

அப்போ மக்களே எடுத்து எல்லாருக்கும் பொதுவா வச்சா? 2013ல் ஸ்வீடனின் மால்மோ நகரில் 'மாபில்லரி' அப்படித்தான் தொடங்கியது. உலகம் பூரா ஆர்வலர்கள் படங்களைக் கொட்டினார்கள். 2020ல் ஃபேஸ்புக் அதை வாங்கிவிட்டது. படங்களின் உரிமம் இன்றும் திறந்ததுதான். ஆனாலும் சாவிக்கொத்து கைமாறியது இல்லையா? அதனால்தான் 2022ல் பிரான்சில் அரசின் புவியியல் வரைபட நிறுவனமும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஆர்வலர்களும் சேர்ந்து 'பனோராமாக்ஸ்' கொண்டுவந்தார்கள். மென்பொருள் இலவசம். ஒரே பெரிய கிடங்கு கிடையாது. ஒரு நகராட்சியோ ஒரு சங்கமோ தன் படங்களைத் தன் சர்வரிலேயே வச்சுக்கலாம், தேடுறவங்களுக்கு எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். என்னைக் கேட்டால் இதுதான் சரியான வடிவம்.

சரி டாக்டர், இதுக்கும் திருவண்ணாமலைக்கும் என்ன சம்பந்தம்?

ஓ.பி.யில் நெஞ்சு எக்ஸ்ரேவில் ஒரு நிழல் தெரிந்தால் நாங்க முதலில் கேட்பது, "பழைய எக்ஸ்ரே இருக்காம்மா?" ரெண்டு வருஷம் முன்னாடியும் அதே நிழல் அப்படியே இருந்தால் ஒரு முடிவு, இல்லாவிட்டால் வேற முடிவு. ஒத்தைப் படம் பாதிக் கதைதான். தேதி போட்ட பழைய படம் பக்கத்தில் இருக்கணும்.

2016ல் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரம் வெட்டிய விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. எந்த மரம் எங்கே நின்றது என்ற வாக்குவாதத்துக்கு, 14 கிலோமீட்டருக்கும் தேதியோடு படம் இருந்திருந்தால்?

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழை. மலைச்சரிவில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்துபோனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். எழுதவே கை வரலை. படம் மண்ணைத் தடுக்காது, தெரியும். ஆனால் சந்து எவ்வளவு அகலம், ஆம்புலன்ஸ் எதுவரை போகும், மழைத்தண்ணி எந்த வழியா இறங்குது, போன வருஷம் இல்லாத பாறை இப்போ மேலே தெரியுதா? இதையெல்லாம் மழைக்கு முன்னாடியே உட்கார்ந்து பார்க்க முடியும்.

செலவு? 5 மீட்டருக்கு ஒரு படம் என்றால் கிரிவலப் பாதைக்கு 2,800 படம். ஒண்ணு 5 எம்.பி. என்றால் மொத்தம் 14 ஜி.பி. உங்க மெமரி கார்டில் அடங்கும். ஹெல்மெட்டில் ஒரு 360 டிகிரி கேமரா, இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். ஓடுற சாதா செல்போனே போதும்.

ஒரு கண்டிஷன் உண்டு. முகமும் வண்டி நம்பரும் மறைக்காமல் எதுவும் வெளியே போகக்கூடாது. பனோராமாக்ஸ் படத்தை வாங்கும்போதே அதை மங்கலாக்கிவிடுகிறது. இருந்தாலும் கிளினிக் வாசலில் நிற்பவரை சட்டையை வச்சே ஊர்க்காரர் கண்டுபிடிச்சிடுவார். அந்த மாதிரி இடங்களைக் காலையில் சீக்கிரம், ஆள் இல்லாத நேரத்தில் எடுங்க. பௌர்ணமி அன்னைக்கு வேண்டவே வேண்டாம், தலைகள்தான் தெரியும்.

இன்னொண்ணு. கிரிவலப் பாதையை எடுக்க ஆயிரம் பேர் வருவாங்க. முதலில் எடுக்க வேண்டியது மலையடிவாரச் சந்துகளை. அதுவும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி, செப்டம்பருக்குள்ள. பைக் வச்சிருக்கிற தம்பி, தங்கச்சிங்க யார் தயாரோ கமென்ட்ல சொல்லுங்க, தெருக்களைப் பிரிச்சுக்கலாம்.