தொழுநோய்: செங்கல்பட்டு–திருவள்ளூர் வட்டார ஆய்வு வரலாறு

தொழுநோய் ஒரு பாக்டீரியத் தொற்று. ஆனால் நெடுங்காலம் அது பரம்பரை நோயென்றே நம்பப்பட்டது. நார்வே மருத்துவர்கள் டேனியல்சனும் போக்கும் 1847இல் அப்படித்தான் எழுதினர். இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியின் 1867ஆம் ஆண்டு அறிக்கையும் அதையே வழிமொழிந்தது. 1873இல் மற்றொரு நார்வே மருத்துவரான ஹேன்சன் நோயாளிகளின் தோல் முடிச்சுகளில் கோல் வடிவக் கிருமிகளைக் கண்ட பிறகும் ஐயம் உடனே தீரவில்லை. அக்கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் காட்ட முடியவில்லை. அதன் காரணத்தை 2001இல் வெளியான அதன் மரபணுத் தொகுதி புலப்படுத்தியது. சுமார் 1,600 மரபணுக்களே வேலை செய்கின்றன. 1,100க்கு மேற்பட்டவை செயலிழந்து கிடக்கின்றன. பிற உயிரின் செல்லுக்குள் வாழ்ந்து வாழ்ந்து, தனித்துப் பிழைக்கும் திறனையே இழந்துவிட்ட ஒட்டுண்ணி இது. நரம்பிழையைச் சுற்றியுள்ள சுவான் செல்லுக்குள் தங்கி, 12 முதல் 14 நாளுக்கு ஒருமுறைதான் இரண்டாகப் பிரிகிறது. ஆகவே தொற்றிப் பல ஆண்டுகள் கழித்தே, பஞ்சால் தொட்டாலும் உணர்வில்லாத வெளிறிய தேமலாக நோய் வெளிப்படுகிறது. யாரிடமிருந்து தொற்றியது என்பது அதற்குள் மறந்துபோகும்; அதே வீட்டில் இன்னொருவருக்கும் வந்தால் பழி இரத்தத்தின் மேல் விழும்.

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. தொழுநோய் மிகுந்திருந்த அம்மாவட்டம் ஆய்வுக்களமும் ஆனது. அங்கே திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையை மத்திய அரசு 1955இல் ஏற்று ஆய்வு நிலையமாக்கியது. பின்னாளில் ஆவடியிலிருந்து இயங்கிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் களப்பிரிவு, 1,71,400 பேரிடம் தடுப்பூசிகளை ஒப்பிட்டது. 1998இல் வெளியான முடிவின்படி காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. மட்டும் 34 விழுக்காடும், கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியைச் சேர்த்த பி.சி.ஜி. 64 விழுக்காடும் பாதுகாப்பளித்தன. பிறவியிலேயே விதிக்கப்பட்ட நோயாக இருந்தால், இறந்த கிருமியை ஊசியில் சேர்ப்பதால் அது இவ்வளவு குறைந்திருக்காது. இந்த ஆய்வின் முதன்மையான பாடம் இதுவென்றே கருதுகிறேன்.

இதை மறுப்பவர் இரட்டையர் ஆய்வைக் காட்டுவார்கள். 1973இல் வெளியான இந்திய ஆய்வில், ஒருகரு இரட்டையரில் இருவருக்கும் நோய் கண்ட இணைகள் 60 விழுக்காட்டை ஒட்டியிருந்தன; இருகரு இரட்டையரில் 20 விழுக்காடுதான். தென்னிந்தியக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் 2001இல் பத்தாம் குரோமோசோமில் நோய் ஏற்புத்தன்மையோடு தொடர்புள்ள பகுதியொன்றையும் கண்டனர். இவை புறந்தள்ளக் கூடியவை அல்ல. ஆனால் மரபணுக்கள் ஒத்திருந்தும் பத்து இணைகளில் நான்கில் ஒருவர் தப்பியதையும் அதே இரட்டையர் ஆய்வு சொல்கிறது. பெற்றோரிடமிருந்து வருவது கிருமியை எதிர்கொள்ளும் நோயெதிர்ப்பின் இயல்பு. கிருமி வெளியிலிருந்துதான் வர வேண்டும். பெரும்பாலோருக்கு அது வந்தாலும் நோய் பிடிப்பதில்லை. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் விட்டதால் குடும்பங்கள் பட்ட துன்பம் பெரிது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக ஏற்ற சட்டப்பிரிவுகள் 2019இல்தான் நீக்கப்பட்டன. இன்றைய தேசியத் திட்டம் நோயாளியோடு நெருங்கிப் பழகுவோருக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் மருந்து தருகிறது. இரத்த உறவா என்று அது கேட்பதில்லை. உடன் வாழ்பவரும் அண்டை வீட்டாரும் அதில் அடங்குவர்.