கல்லில் எழுதாத பெயர்



சீனாவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிப் பத்து நாளாகிறது. நான் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு, "டீச்சர், அந்தக் கல் வளைவு என்ன கோயில் வாசலா?" என்று பலரும் கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் பழைய வழக்கப்படி எல்லாருக்கும் சேர்த்து ஒரு பாடமாகவே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

மகன் வேலை பார்ப்பது ஹாங்சோ நகரத்தில். அங்கிருந்து அதிவேக ரயிலில் போனால் அன்ஹுய் மாகாணத்தின் தென்பகுதி மலைகள் வந்துவிடும். அந்தக் காலத்தில் இந்தப் பகுதிக்கு ஹுய்சோ என்று பெயர். அதன் தலைநகரம் ஷசியன் என்ற பழைய ஊர். நாங்கள் முதலில் அங்கேதான் இறங்கினோம்.

ஊர் நடுவில், தெருவுக்குக் குறுக்கே ஒரு கல் தோரண வாயில் நிற்கிறது. இது கோயில் வாசல் அல்ல, கோட்டை வாசலும் அல்ல. சீனத்தில் இதைப் பாய்ஃபாங் என்பார்கள். ஒருவரைப் பெருமைப்படுத்த அரசரின் அனுமதியோடு கட்டும் நினைவு வாயில் இது. கதவு கிடையாது. பொதுவாக நான்கு தூண்தான் இருக்கும். ஷசியனில் இருப்பதற்கு எட்டுத் தூண். மிங் வம்சத்து மூன்று பேரரசர்களிடம் பணியாற்றிய ஷூ குவோ என்ற அமைச்சருக்காக 1584-இல் கட்டியது. தூண்களின் அடியில் கல் சிங்கங்கள். நாலரை நூற்றாண்டை நெருங்கியும் அசையாமல் நிற்கிறது.

பிறகு பழைய தெருக்களில் நடந்தோம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். இரண்டு பக்கமும் சுண்ணாம்பு பூசிய உயரமான வெள்ளைச் சுவர், மேலே கறுத்த ஓடு. சுவரின் உச்சி படிப்படியாகக் கூரைக்கு மேலே ஏறி நிற்கும். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குத் தாவாமல் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. வெளிச்சுவரில் சன்னல் மிகக் குறைவு, இருப்பதும் எட்டாத உயரத்தில் சின்னதாக. உள்ளே நம் ஊர் முற்றம் போலவே வானம் பார்த்த முற்றம் உண்டு. வெளிச்சம், காற்று, மழை எல்லாம் அந்த வழியாகத்தான்.

"ஏன் இப்படிச் சிறை மாதிரி கட்டினார்கள்?" என்று மகனைக் கேட்டேன். காரணம் புவியியலில் இருக்கிறது. மலை அதிகம், வயல் குறைவு. விளைச்சல் போதாது. அதனால் இந்த ஊர் ஆண்கள் உப்பு, தேயிலை, மரம், அடகுக்கடை என்று வியாபாரத்துக்கு வெளியூர் கிளம்பினார்கள். பையனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதானால் தொழில் பழக அனுப்பிவிடுவார்கள். மணமாகிச் சில மாதத்தில் போனவன் பல வருடம் கழித்து வருவான், சிலர் வரவே மாட்டார்கள். அந்தச் சுவருக்குள்ளே பெண்கள்தான் குடும்பத்தை நடத்தினார்கள்.

மறுநாள் தாங்யுவே கிராமத்துக்குப் போனோம். நீங்கள் படத்தில் பார்த்தது இந்த இடம்தான். வயல்வெளிக்கு நடுவே ஒரு கல்பாவிய பாதை. அதில் வரிசையாக ஏழு தோரண வாயில்கள். மூன்று மிங் காலத்தவை, நான்கு சிங் காலத்தவை. எல்லாம் பாவ் என்ற ஒரே குலத்தாருடையவை.

ஒன்று தந்தை மகன் இருவருக்காக. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலகக்காரர்கள் இருவரையும் பிடித்து, ஒருவரைக் கொல்லப்போவதாகச் சொன்னார்களாம். "என்னைக் கொல்லுங்கள், அவனை விடுங்கள்" என்று அப்பாவும், "என்னைக் கொல்லுங்கள், அவரை விடுங்கள்" என்று மகனும் மன்றாடினார்களாம். நடுவில் இருக்கும் வாயில் உப்பு வியாபாரத்தில் பெரும்பணம் சேர்த்துத் தருமம் செய்த குடும்பத்துக்கு. அதன் இரண்டு பக்கமும் இருப்பவை கைம்பெண்களுக்கு. அங்கேதான் என் கால் நின்றுவிட்டது.

அதில் ஒன்று 1767-இல் கட்டியது. இரண்டாம் தாரமாக வந்த பெண். இருபத்தொன்பது வயதில் கணவர் இறந்துபோனார். மூத்தாள் மகனைத் தன் பிள்ளையாக வளர்த்து ஆளாக்கினார் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். மருமகளுக்குச் சீன எழுத்து வாசிக்க வரும். "அந்த அம்மா பெயர் என்னம்மா?" என்று கேட்டேன்.

"பாவ் வென்யுவானின் மனைவி, வூ குடும்பத்துப் பெண். அவ்வளவுதான் போட்டிருக்கு அத்தை."

"பெயர்?"

"பெயர் இல்லை அத்தை."

இந்தக் கௌரவத்துக்கு ஒரு விதி இருந்தது. 1368-இல் மிங் அரசு போட்ட ஆணை. கணவர் இறக்கும்போது பெண்ணுக்கு முப்பது வயது ஆகியிருக்கக் கூடாது. ஐம்பது தாண்டும் வரை மறுமணம் செய்யாமல் இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் அரசு பாராட்டும், அந்தக் குடும்பத்துக்குக் கட்டாய ஊழியத்திலிருந்து விலக்கும் கிடைக்கும். சிங் காலத்தில் வாயில் கட்ட முப்பது தேல் வெள்ளி கொடுத்தார்கள், மீதிச் செலவு குடும்பத்தாருடையது. பெண் தனியாக வாழ்ந்தாள், பெருமை குலத்துக்குப் போனது.

கணக்கு டீச்சர் இல்லாவிட்டாலும் அங்கேயே மனக்கணக்குப் போட்டேன். எனக்குக் கணவர் இறந்தபோது வயது இருபத்தேழு. இப்போது அறுபத்து நான்கு. அந்த விதிப்படி எனக்கும் ஒரு வாயில் எழுப்பியிருக்கலாம்! சிரிப்பு வந்தது, கண்ணிலும் நீர் வந்தது.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றை இன்று சொல்கிறேன். மூன்று வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பியது என் மாமியார். "படிச்சு நீ உன் கால்ல நில்லு, புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்றார். ஊரில் பேசாத பேச்சு இல்லை. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு "ஆதரவற்ற விதவை" என்ற சான்றிதழுக்காக அலுவலகப் படி ஏறி இறங்கினேன். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவே இல்லை. வீட்டில் அப்படி ஒரு மாமியார் இருக்கும்போது நான் எப்படி ஆதரவற்றவள்? ஆனால் அந்த முன்னுரிமையில்தான் வேலை கிடைத்தது. நியமன ஆணையில் என் பெயர் இருந்தது. அதைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

அந்த மாமியாரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் பெயரை நான் முதன்முதலாக எழுதியது அவருடைய இறப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தில்.

தாங்யுவேயில் பெண்களுக்கென்றே ஒரு குல மண்டபம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. சீனாவில் இது அபூர்வம், ஏனென்றால் குல மண்டபங்கள் ஆண் முன்னோர்களுக்கானவை. ஆண்கள் மண்டபம் தெற்கு பார்க்கிறது, பெண்கள் மண்டபம் வடக்கு பார்க்கிறது.

ஷசியனில் இன்னொரு வாயிலும் உண்டு. 1905-இல் கட்டியது. அதுவும் இந்த மாதிரிப் பெண்களுக்குத்தான். ஆனால் கல் இல்லை, வெறும் செங்கல். ஹுய்சோ பகுதியின் 65,078 பெண்களுக்கும் சேர்த்து ஒரே வாயில். அந்த எண்ணைத்தான் அதில் பொறித்திருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கும் மேலாக வருகைப்பதிவு எடுத்தவள் நான். நாற்பது பேர் இருந்தாலும் எண் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். உங்களுக்கே தெரியும்.

அந்தப் பெண்களின் பொறுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் வளர்த்த பிள்ளைகளால்தான் அந்தக் குலங்கள் நிலைத்தன. ஆனால் வேறு வழி இருந்திருந்தால் அவர்கள் என்ன தேர்ந்திருப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு ஒரு வழியை ஒருவர் திறந்துவிட்டார். அந்த வூ அம்மாவுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அது மட்டும்தான்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் பாட்டி, அவருடைய அம்மா, இருவர் பெயரையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பதையும் எழுதுங்கள். தள்ளிப்போடாதீர்கள், கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.

படத்தில் ஏழாவது வாயிலுக்குக் கீழே ஓடுகிறாளே, அவள் என் பேத்தி. விழுந்துவிடப் போகிறாள் என்று உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அது என் மாமியாரின் பெயர். அவருடைய பெயரைத்தான் அவளுக்கு வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்