பொய் சொன்ன முள்

என் சித்தப்பாவின் பிள்ளை ஒருவன் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருக்கிறான். சென்ற வருஷம் அவனுடைய கப்பல் தூத்துக்குடிக்கு வந்திருந்தபோது, "அண்ணா, கதையிலேயே கப்பல் விட்டுக்கொண்டிருக்கிறீர்களே, ஒரு தடவை நிஜக் கப்பலை வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டான். அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போனேன். செங்குத்தான படிகளில் இரைக்க இரைக்க ஏறி, கப்பலைச் செலுத்தும் இடமான 'பிரிட்ஜ்' என்ற அறையை அடைந்தேன்.

அறை முழுவதும் கண்ணாடித் திரைகள். கரையையும் மற்றக் கப்பல்களையும் காட்டுவது ராடார். வானத்துச் செயற்கைச் சந்திரன்களைக் கேட்டு, நிற்கும் இடத்தைச் சொல்வது ஜி.பி.எஸ்.; காந்தத்தின் உதவியே இல்லாமல் வடக்கைக் கண்டுபிடிப்பது கைரோ. எல்லாவற்றையும் காட்டிவிட்டு, அறையின் கூரைமேல் அழைத்துப் போனான். அங்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு பீடம்; அதன் தலையில் திரவத்தில் மிதக்கும் பழங்காலத்துக் காந்தத் திசைகாட்டி; இரு பக்கமும் காவல் நிற்பதுபோல் இரண்டு இரும்புக் குண்டுகள்.

"இது எதற்கப்பா? அலங்காரத்துக்கா?"

"மின்சாரம் போய்விட்டால் மிஞ்சுவது இதுதான் அண்ணா. இது இல்லாமல் கப்பலைக் கடலுக்கு விடச் சட்டம் இடம் கொடுக்காது."

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினான். சூரியன் இன்ன நேரத்தில் இன்ன திசையில் இருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். அதே நேரத்தில் திசைகாட்டி சூரியனை எந்தத் திசையில் காட்டுகிறது என்று பார்க்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிழை. பக்கம் பக்கமாக அந்தப் பிழைதான் எழுதியிருந்தது.

"இத்தனை பிழையா! ஒரேயடியாகச் சரி செய்துவிடக் கூடாதா?"

"சரி செய்துதான் இருக்கிறது அண்ணா. அதனால்தான் தினம் பார்க்கிறோம்."

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்தப் பதிலுக்குப் பின்னால் எத்தனை பேருடைய உயிர் இருக்கிறது என்பது, வீட்டுக்கு வந்து சில புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

காந்த முள் வடக்கைக் காட்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது முழு உண்மையல்ல. பூமியின் காந்த வடக்கு ஒன்று, நிஜ வடக்கு வேறொன்று. இந்த வித்தியாசம் ஓரிடத்தில் எல்லாக் கப்பலுக்கும் பொது. கடல் வரைபடத்திலேயே அச்சடித்திருக்கும். இரண்டாவது பிழைதான் பொல்லாதது. கப்பலில் உள்ள இரும்பு முள்ளைத் தன் பக்கம் இழுக்கிறது. இது கப்பலுக்குக் கப்பல் வேறு. ஒரே கப்பலிலும் அது திரும்பும் திசைக்குத் திசை வேறு.

இதை ஒழுங்காகக் கவனித்து எழுதியவர் மாத்யூ பிளிண்டர்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி. 1801-ல் புறப்பட்டு ஆஸ்திரேலியக் கரையை அளந்தவர். கப்பல் திரும்பும்போதெல்லாம் முள் வேறுவிதமாகப் பேசுவதைக் கண்டார். தாயகம் திரும்பும் வழியில், 1803-ல், மொரீஷியஸ் தீவில் பிரெஞ்சுக்காரர்கள் அவரைப் பிடித்து ஆறு வருஷத்துக்கு மேல் காவலில் வைத்தார்கள். காவலில் இருந்தபடியே தம் ஆராய்ச்சியை லண்டனுக்கு எழுதி அனுப்பினார். 1814-ல் காலமானார். திசைகாட்டிப் பீடத்தின் முன்னால் நிறுத்தும் ஓர் இரும்புத் தண்டுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அவர் காலத்துக் கப்பல் மரத்தாலானது. இரும்பு ஆங்காங்கேதான் இருந்தது. கப்பல் முழுவதையுமே இரும்பில் கட்டத் தொடங்கியதும் முள்ளின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. கிரீனிச் வானசாஸ்திரி ஜார்ஜ் ஏரி 1838-ல் 'ரெயின்போ' என்ற இரும்புக் கப்பலில் பரிசோதனைகள் நடத்தி, மாற்றுவழி சொன்னார். கப்பல் இழுக்கும் பக்கத்துக்கு எதிராக, பெட்டிக்கருகில் சிறு காந்தங்களையும் இரும்புத் துண்டுகளையும் வைத்தால் இழுப்புக்கு இழுப்பு சரியாகிவிடும். நல்ல யுக்தி. வியாபாரக் கப்பல்காரர்கள் அதை ஆவலோடு ஏற்றுக்கொண்டார்கள். துறைமுகத்தில் ஒருநாள் சரி செய்தால் போதும், கவலை விட்டது என்று நினைத்தார்கள்.

1854 ஜனவரி 19-ந் தேதி லிவர்பூலிலிருந்து 'டெய்லூர்' என்ற புத்தம்புதிய இரும்புக் கப்பல் மெல்போர்னுக்குப் புறப்பட்டது. அதுதான் அதன் முதல் யாத்திரை. ஆஸ்திரேலியாவில் பிழைக்கலாம் என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பியவர்களும் மாலுமிகளுமாக அறுநூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். காற்றும் மூடுபனியும் சூழ்ந்துகொண்டன. கப்பலில் இருந்த திசைகாட்டிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப் பேசவில்லை. எதை நம்புவது? காப்டன் ஜான் நோபிள், வயது இருபத்தொன்பது, ஒன்றை நம்பினார். கப்பல் தெற்கே கடல் நடுவில் போவதாக எண்ணினார். அது மேற்கே அயர்லாந்துக் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

21-ந் தேதி பகலில் பனிக்குள்ளிருந்து பாறைகள் தெரிந்தன. டப்ளினுக்கு அருகிலுள்ள லாம்பே தீவு அது. கப்பல் பாறையில் மோதியது. கரை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மரக்கம்பையும் கயிற்றையும் பிடித்துக்கொண்டு சிலர் தாவினார்கள். முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட பெண்களில் பிழைத்தவர்கள் மூன்றே பேர். அந்தக் காலத்துக் கனத்த பாவாடைகள் தண்ணீரில் ஊறினால் எப்படி நீந்த முடியும்? குழந்தையை யார் தூக்குவது?

முள் ஒன்றின்மீதே பழியைப் போடுவது நியாயமாகாது. புதுக் கயிறுகள் நனைந்து ஊதிச் சிக்கிக்கொண்டன; தொழில் தெரிந்த மாலுமிகள் போதவில்லை. ஆனாலும், திசைகாட்டிகளைச் சரிவரத் திருத்தாமலும் போதிய வெள்ளோட்டம் பார்க்காமலும் கப்பலை அனுப்பிய சொந்தக்காரர்களையே மரண விசாரணை ஜூரிகள் முதலில் கண்டித்தார்கள்.

இந்த இடத்தில்தான் வில்லியம் ஸ்கோர்ஸ்பி வருகிறார். இளமையில் வட துருவக் கடலில் திமிங்கில வேட்டையாடிய காப்டன், பிற்பாடு பாதிரியார். அவர் சொன்னது இது: இரும்புக் கப்பலைக் கட்டும்போது ஆயிரக்கணக்கான சம்மட்டி அடிகள் விழுகின்றன. அப்போது அது எந்தத் திசையில் கிடக்கிறதோ அதற்கேற்ற காந்தம் அதில் ஏறிவிடுகிறது. கடலுக்கு வந்து, வேறு திசையில் அலைகள் அதை அடித்துக் குலுக்கும்போது அந்தக் காந்தம் மாறுகிறது. ஆகவே துறைமுகத்தில் செய்த திருத்தம் கடலில் செல்லாது. திருத்தி விட்டோம் என்ற நம்பிக்கையே மாலுமியைக் கெடுக்கும்.

ஏரி ஒப்பவில்லை. அத்தனை மாறுதல் அவ்வளவு சீக்கிரம் வராது என்றார். இருவரும் பத்திரிகையில் வாதாடினார்கள். ஸ்கோர்ஸ்பி வாதத்தோடு நிற்கவில்லை. 1856-ல், தமது 66-வது வயதில், 'ராயல் சார்ட்டர்' என்ற இரும்புக் கப்பலில் ஏறி, முள்ளைப் பார்த்துக்கொண்டே ஆஸ்திரேலியா வரை போய் வந்தார். பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே போகப் போகக் கப்பலின் காந்தம் மாறியது. இரும்புக்கு எட்டாமல் பாய்மரத்தின் உயரத்தில் கட்டிய திசைகாட்டியே யோக்கியமாக நடந்துகொண்டது. மறு வருஷம் அவர் காலமானார். பிரயாண நூலை அச்சில் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

கடைசியில் கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, வந்து சேர்ந்தார். பத்திரிகை ஒன்று அவரிடம் திசைகாட்டியைப் பற்றிக் கட்டுரை கேட்டது. எழுத உட்கார்ந்தபோதுதான் தமக்கு விஷயம் போதாது என்பது அவருக்குத் தெரிந்ததாம். முதல் பகுதி 1874-ல் வந்தது. அடுத்த பகுதி வர ஐந்து வருஷம் ஆயிற்று. நடுவில், 1876-ல், புதுத் திசைகாட்டியையே செய்து உரிமை பெற்றுவிட்டார்! நான் கூரைமேல் கண்ட இரும்புக் குண்டுகள் ஏரியின் யுக்திக்குத் தாம்சன் கொடுத்த உருவம். கட்டுரை தாமதமானால் பத்திராதிபருக்கு இனி நானும் தைரியமாக இந்தக் கதையைச் சொல்லலாம்; ஆனால் கையில் திசைகாட்டி இருக்க வேண்டுமே!

ஏரி ஜெயித்தாரா, ஸ்கோர்ஸ்பி ஜெயித்தாரா? இரண்டு பேருமே அந்தப் பிரிட்ஜில் இருக்கிறார்கள். திருத்தும் காந்தங்கள் ஏரியுடையவை. அவற்றை நம்பித் தூங்கிவிடாமல் தினம் சோதித்து எழுதும் நோட்டுப் புத்தகம் ஸ்கோர்ஸ்பியுடையது. முள் பிசகுவதால் மட்டும் டெய்லூரில் அத்தனை பேர் சாகவில்லை. எவ்வளவு பிசகுகிறது என்று யாருக்கும் தெரியாததால் செத்தார்கள்.

தம்பியின் கப்பல் அடுத்த நாள் போய்விட்டது. ஒரு வாரம் கழித்து நடுக்கடலிலிருந்து டெலிபோனில் பேசினான். சாப்பாடு, சௌக்கியம் எல்லாம் விசாரித்துவிட்டு, "இன்றைக்குப் பிழை எவ்வளவு?" என்று கேட்டேன்.

சிரித்தான். "ஒன்றரை டிகிரி மேற்கு, அண்ணா."

"சரி, பார்த்துக்கொள்" என்று நிம்மதியாக டெலிபோனை வைத்தேன்.