பிறர் பெயரில் ஒரு பெருந்தொழில்

தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பியவன் முதலாம் இராசராசன் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அக்கோயிற் கல்வெட்டில் மன்னன் பெயரோடு குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்ற தச்சனின் பெயரும் இடம்பெற்றிருக்கிறது. கட்டுவித்தவனும் கட்டியவனும் ஒரே சுவரில் நிற்கிறார்கள்.

இன்று நாம் கையில் வைத்திருக்கும் கைபேசியை எடுத்துப் பாருங்கள். விற்பவரின் பெயரும் சின்னமும் அதில் பளிச்சிடும்; செய்தவரின் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோனில் கலிபோர்னியாவில் வடிவமைக்கப்பட்டது என்றும், சீனாவில் கோக்கப்பட்டது என்றும் பல ஆண்டுகள் சிறிய எழுத்தில் பொறித்து வந்தார்கள். நாட்டின் பெயர் இருந்தது. கோத்த நிறுவனத்தின் பெயர் இல்லை. இவ்வாறு பிறர் பெயரில் பொருள் செய்து கொடுக்கும் தொழிலுக்கு ஒப்பந்த உற்பத்தி என்று பெயர். மின்னணுத் துறையில் இத்தொழிலைச் செய்வோருள் உலகிலேயே மிகப் பெரியது, ஃபாக்ஸ்கான் என்று வழங்கும் தைவான் நாட்டு ஹான் ஹாய் நிறுவனம். அது வளர்ந்த வரலாற்றில் நாம் கற்க வேண்டியவை சில உண்டு.

அதை நிறுவியவர் டெர்ரி கோ. சீனாவின் ஷான்சி மாகாணத்திலிருந்து தைவானுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தில் 1950-இல் பிறந்தவர். தந்தையார் காவல்துறையில் பணி செய்தவர். கப்பல் தொழில் பயிற்றும் கல்லூரியில் படித்த கோ, 1974-இல் தைப்பேய் நகருக்கு அருகே ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். முதல் ஏறத்தாழ ஏழாயிரத்து ஐந்நூறு அமெரிக்க டாலர். தொழிலாளர் பத்துப் பேர், அவர்களும் முதியவர்கள் என்று கூறுவர். அவர்கள் செய்த பொருள், தொலைக்காட்சிப் பெட்டியில் அலைவரிசையைத் திருப்பும் பிளாஸ்டிக் குமிழ்.

குமிழ் அற்பமான பொருள்தான். ஆனால் அதை வார்க்க எஃகினால் ஆன அச்சு வேண்டும். அச்சில் மயிரிழை பிசகினால் அதிலிருந்து வெளிவரும் பல்லாயிரம் குமிழ்களும் பிசகிவிடும். அச்சைப் பிறரிடம் வாங்கும் பட்டறை என்றும் அவர் தயவில்தான் வாழ வேண்டும். இதை உணர்ந்த கோ, 1970-களின் பிற்பகுதியில் கையில் வந்த பணத்தை அச்சு செய்யும் இயந்திரங்களில் போட்டார். இந்நிறுவனத்தின் பிற்கால வளர்ச்சிக்கெல்லாம் வித்து இந்த முடிவே என்பது என் கருத்து.

1980-களில் கணிப்பொறி வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வரத் தொடங்கிற்று. ஒரு கருவியை மற்றொரு கருவியோடு பிணைக்கும் கனெக்டர் என்ற சிறு உறுப்பு எல்லாக் கணிப்பொறிக்கும் தேவை. விலை மலிவு, துல்லியமோ மிகுதியாக வேண்டும். துல்லியமான அச்சு எவரிடம் உண்டோ அவரிடமே இந்த வேலை வந்து சேரும். விளையாட்டுக் கருவிகள் விற்ற அடாரி நிறுவனத்துக்கு முதலில் இணைப்பு உறுப்புகள் செய்து கொடுத்த ஹான் ஹாய், பின்னர் கணிப்பொறி நிறுவனங்களின் வாயிலை ஒவ்வொன்றாகத் தட்டியது. கோவே அமெரிக்காவில் பல மாதங்கள் காரில் ஊர் ஊராகச் சென்று ஆர்டர் கேட்டார்.

1988-ஆம் ஆண்டு இரண்டாவது திருப்பம் ஏற்பட்டது. டெங் சியாவோபிங் காலத்தில், 1980-இல், சீனா தென்கோடியிலுள்ள ஷென்ஜென் நகரைச் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவித்திருந்தது. அங்கே ஹான் ஹாய் ஆலை அமைத்தது. உழவுத் தொழிலை விட்டு நகரத்துக்கு வந்த இளைஞரும் இளம்பெண்களும் அணியணியாக வேலைக்குச் சேர்ந்தனர். உறுப்புகள் செய்வதோடு நில்லாமல், கணிப்பொறியின் கூட்டையும், பிறகு முழுக் கருவியையும் கோத்துக் கொடுக்கத் தொடங்கினர். ஷென்ஜெனின் லோங்ஹுவா வளாகம் ஒரு நகரமாகவே ஆயிற்று. தங்கும் விடுதிகள், பெருஞ் சமையற்கூடங்கள், தீயணைப்புப் படை, நீச்சற்குளம் எல்லாம் மதிலுக்குள் இருந்தன. இலட்சக்கணக்கானோர் அங்கு உழைத்தனர். 2007-இல் ஐபோன் சந்தைக்கு வந்தபின் அவ்வளர்ச்சிக்கு எல்லை காணவில்லை.

இத்தொழிலின் இலாப வகையையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். துணியைக் கொடுத்தால் சட்டை தைத்துக் கொடுக்கும் தையற்காரரைப் போன்றவர் ஒப்பந்த உற்பத்தியாளர். சட்டை எத்தனை விலைக்குப் போனாலும் அவருக்குத் தையற்கூலிதான். 2010-இல் விற்ற ஐபோனின் விலையைப் பகுத்தாராய்ந்த அமெரிக்க அறிஞர் மூவர், அதில் ஆப்பிளுக்குச் சேர்ந்த இலாபம் நூற்றுக்கு 58.5 பங்கு என்றும், சீனத் தொழிலாளரின் கூலி நூற்றுக்கு 1.8 பங்கு என்றும் கணக்கிட்டனர். ஹான் ஹாய் 2022-இல் ஆறரை இலட்சம் கோடி தைவான் டாலருக்கும் மேல் வாணிகம் செய்தது. நூறு டாலருக்கு நிகர இலாபமாக நின்றது இரண்டு டாலரை ஒட்டிய தொகையே. இவ்வளவு மெல்லிய இலாபத்தில் வாழும் தொழிலில் ஒரு நொடி வீணானாலும் நட்டம். அந்த நொடியை மிச்சப்படுத்தும் சுமை, வரிசையில் நிற்கும் தொழிலாளியின் விரல்களில் வந்து இறங்குகிறது.

அதன் விளைவை உலகம் 2010-இல் கண்டது. அவ்வாண்டில் இந்நிறுவனத்தின் சீன ஆலைகளில் பதினான்கு தொழிலாளர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டனர். பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதினர். பெற்றோரை விட்டு நெடுந்தொலைவு வந்தவர்கள். நிர்வாகம் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. மாதம் 900 யுவானாக இருந்த அடிப்படைக் கூலியை 1,200 யுவானாக உயர்த்தியது. 2012-இல் ஆப்பிளின் வேண்டுகோளின்படி ஆய்வு செய்த நியாயத் தொழில் சங்கம், வேலை மிகுந்த காலங்களில் வாரத்துக்கு அறுபது மணிக்கும் மேல் வேலை வாங்கியதையும், மிகைநேர வேலைக்குச் சீனச் சட்டம் விதித்த வரம்பு மீறப்பட்டதையும் அறிக்கையில் எழுதியது. ஆயிரக்கணக்கான மாணவரை ஒரே வகுப்பாக எண்ணி நடத்தினால் பள்ளி என்னவாகுமோ, இலட்சக்கணக்கான மனிதரைக் கைகளாக மட்டும் எண்ணி நடத்தினால் ஆலையும் அதுவேயாகும்.

இவ்வரலாறு நமக்கும் தொலைவானதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. அதைச் சார்ந்து ஃபாக்ஸ்கானும் அங்கே தொழில் நடத்தியது. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட, அவ்வாண்டு முடிவதற்குள் ஃபாக்ஸ்கானின் வேலையும் நின்றது. பிறகு 2019-இல் அதே வட்டாரத்தில் ஐபோன் கோக்கும் பணி தொடங்கியது. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களின் தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தபோதுதான், கைபேசிகள் யார் கையால் உருவாகின்றன என்பது நம்மில் பலருக்கு விளங்கிற்று. ஆலை சில வாரம் மூடப்பட்டு, 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதி, தமிழக அரசின் சிப்காட் நிறுவன முயற்சியால், திறந்து வைக்கப்பட்டது. நெடுஞ்சாலையில் அமர்ந்த பெண்களின் குரல் வீண்போகவில்லை என்று கருதுவதற்கு இடமுண்டு.

இவ்வேலையால் நம் சிற்றூர்ப் பெண்கள் பலர் தம் பெயரில் வங்கிக் கணக்கும், தம்பி தங்கையரைப் படிக்க வைக்கும் வலிமையும் பெற்றிருக்கிறார்கள். இதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. ஆயினும் கோக்கும் வேலை மட்டும் ஓர் ஊரில் வேரூன்றுவதில்லை. ஆர்டர் வந்தால் ஆலை வரும். ஆர்டர் போனால் ஆலையும் போகும். 2014-இல் ஸ்ரீபெரும்புதூர் கண்ட காட்சி அதுவே. டெர்ரி கோவை உயர்த்தியதும் குமிழைக் கோத்த வேலையன்று. குமிழுக்கு அச்சு செய்த அறிவே. ஆகவே நம் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் அச்சுக்கலையும் துல்லிய இயந்திர வேலையும் பெண்களுக்கும் கற்பிக்கப்பட வேண்டும். வரிசையில் திருகு முடுக்கும் பெண், சில ஆண்டுகளில் அந்த வரிசைக்கு வேண்டிய கருவியை வடிவமைப்பவளாக உயர வழி இருக்க வேண்டும். அவ்வழி திறந்திருக்கிறதா என்று அரசையும் ஆலையையும் கேட்கும் உரிமை, பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் பெற்றோருக்கு உண்டு.